சமவெளிக்கும் ஒரு தோட்டம்

மே மாதம் பிறந்துவிட்டால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் நிற்கிற பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறவர்கள், பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டுப் பின்னால் ஏறுகிறவர்கள், ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்து நிற்கிறவர்கள். எல்லோரும் மலர்க் கண்காட்சிக்குக் கிளம்பியவர்கள். பிரையண்ட் என்ற வனத்துறை அதிகாரி 1908இல் திட்டமிட்டு அமைத்த பூங்கா அது. ஏரிக்குக் கிழக்கே 20 ஏக்கருக்குச் சற்று மேல் இருக்கும். சின்ன வயதில் நானும் அந்தக் கூட்டத்தோடு ஏறியிருக்கிறேன். பஸ் செம்பட்டியைத் தாண்டி வத்தலக்குண்டு நோக்கி ஓடும். அந்தக் கத்திரி வெயிலிலும் சாலையோரத்தில் ஆவாரை அங்கங்கே மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதைப் பார்க்க யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். செடி என்றால் மலைமேல் இருப்பது, பூ என்றால் பாத்தி கட்டி வரிசையாக வைத்தது என்று எங்கள் எல்லோருக்கும் பழகியிருந்தது.

அது பழகியதற்குக் காரணம் உண்டு. ஊட்டியில் மெக்ஐவர் 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவிலிருந்தே பார்த்தால், தமிழ்நாட்டில் பேர்பெற்ற செடித் தோட்டங்களில் பலவும் குளிர்ந்த மலைகளில் அமைந்தவை. ஐரோப்பாவின் பூக்கள் அங்கேதான் பிழைக்கும். அந்தத் தோட்டங்களின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதல்முறை ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே நின்றபோது வாயடைத்துப் போனவன்தான். ஆனால் கீழே, செம்மண்ணும் கரட்டுப் பாறையும் முள்காடுமாக விரிந்து கிடக்கும் எங்கள் நிலத்துக்கும் ஒரு தாவர உலகம் உண்டு. அதை வரிசைப்படுத்தி, பெயர்ப்பலகை வைத்து, "வா, வந்து படி" என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிற பொது இடம் ஒன்று வேண்டும். இந்த எண்ணம் எனக்குள் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் அப்பத்தாவிடம் போய் நிற்கிறேன்.

அப்பத்தா இருந்தது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் வெள்ளிக்கிழமையே வேலை தொடங்கிவிடும். உசிலைமரத்துக் கிளையை ஒடித்து வந்து, பொடிப்பொடியான இலைகளை உருவி, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலிப்பாள். அதுதான் அரப்பு. மரப்பச்சை வாசனையோடு மெல்லிய தூள். கையில் வாங்கித் தண்ணீர் விட்டுக் குழைத்தால் நுரை கட்டாது, வழவழவென்று கொழகொழப்பாகும். எண்ணெயை அப்படியே இழுத்துக்கொண்டு வந்துவிடும். கண்ணில் பட்டால் உயிர் போகும். நாங்கள் கத்துகிற கத்தலை அவள் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டாள். "எந்த மரத்துலயும் ஒரே பக்கமா ஒடிக்கக் கூடாதுடா. கொழுந்த விட்டுட்டு ஒடி. அடுத்த வாரமும் தல குளிக்கணும்ல" என்பாள். அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு மரத்திடம் எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் அவளுக்கு இருந்த தெளிவைப் பின்னாளில் தடித்த புத்தகங்களில் பெரிய பெரிய சொற்களோடு படித்தேன்.

போகிக்கு முந்தின நாள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் காட்டுப்பக்கம் கிளம்பிவிடுவோம். காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூ வேண்டும், ஆவாரம்பூ வேண்டும், வேப்பிலை வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாணத்தில், தொழுவத்தில், கிணற்றடியில், வயல் மூலையில் செருகுவார்கள். எந்த ஓடைக்கரையில் பூளை கொத்தாக நிற்கும், எந்தக் கரட்டில் ஆவாரை நன்றாகப் பூத்திருக்கும் என்பதெல்லாம் பையன்களுக்கு அத்துப்படி. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், ஊரே சேர்ந்து நடத்திய தாவரவியல் வகுப்பு அது. பாடத்திட்டம் கிடையாது. ஆனால் வருஷம் தவறாமல் நடந்தது. இப்போது காப்புக் கட்டைப் பூக்கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம். கட்டி விற்கிற அம்மாவுக்குப் பிழைப்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வகுப்பு நின்றுபோய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொரு வகுப்பை நாம் தொடங்கவுமில்லை.

கல்லூரியில் தாவரவியல் எடுத்தபோது எங்களுக்குக் கிடைத்த முதல் கருவி ஹெர்பேரியம் அட்டை. செடியைப் பூவோடும் காயோடும் முடிந்தால் வேரோடும் எடுக்க வேண்டும். மடித்த செய்தித்தாளுக்குள் கிடத்தி, ஓர் இலையின் மேல்பக்கமும் இன்னோர் இலையின் அடிப்பக்கமும் தெரிகிற மாதிரி விரித்து வைக்க வேண்டும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துப் பட்டை வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். மறுநாளே பிரித்து ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு கெட்டி அட்டையில் ஒட்டி, வலது கீழ்மூலையில் சீட்டு. அந்தச் சீட்டில்தான் விஷயமே இருக்கிறது. எந்த ஊர், என்ன நிலம், என்ன தேதி, செடி எவ்வளவு உயரம், பூ என்ன நிறம், எடுத்தது யார். காய்ந்த பூவில் நிறம் நிற்காது. எடுத்த இடத்திலேயே எழுதாவிட்டால் அந்தத் தகவல் போனது போனதுதான். உள்ளூர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கும் ஒரு வரி உண்டு. நான் அந்த வரியை நிரப்பியதெல்லாம் ஊரில் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான்.

திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்துக்கு எங்களை ஒருமுறை கூட்டிப்போனார்கள். இரும்பு அலமாரிகளில் அடுக்கடுக்காகத் தமிழ்நாட்டுச் செடிகள். 1967இல் அதைத் தொடங்கியவர் கே.எம். மேத்யூ என்ற இயேசு சபைப் பாதிரியார். தமிழகத்தின் சமவெளியையும் அதை ஒட்டிய குன்றுகளையும் ஊர் ஊராக நடந்து, 1980களில் பல பாகங்களாகத் தாவரத் தொகுப்பு வெளியிட்டவர். 1999இல் பழனிமலைத் தாவரங்களுக்கும் மூன்று பாகங்கள் கொண்டுவந்தார். அவருக்கு முன்னால் கொடைக்கானல் செண்பகனூரில் ஆங்கிலாத் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழனிமலைச் செடிகளைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றையும் வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார். 1895இல் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகம் இன்னும் அங்கே இருக்கிறது. அங்குள்ள ஆர்க்கிட் தோட்டமும் பேர்பெற்றது. அந்த அலமாரிகளுக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த ஆவாரை அட்டையை வேடசந்தூர்ப் பிள்ளை ஒன்று வந்து பார்க்க முடியுமா? ஆராய்ச்சிக்கு இது வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் உயிரோடு நிற்கிற ஆவாரைக்குப் பக்கத்தில் இதே சீட்டு இருந்தால் ஆயிரம் பேர் படிப்பார்களே.

தாவரவியல் பூங்காவையும் சாதாரணப் பூங்காவையும் பிரித்துக் காட்டுவது அந்தச் சீட்டுதான். சாதாரணப் பூங்காவில் செடி அழகுக்கு நிற்கிறது. தாவரவியல் பூங்காவில் நிற்கிற ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்ற பதிவு இருக்கும். ஆராய்ச்சி, பாதுகாப்பு, காட்சி, கல்வி ஆகிய நான்குக்காகவும் வளர்க்கப்படுவதே அப்படிப்பட்ட தோட்டம் என்று உலக அளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1545இல் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகம் தோட்டம் போட்டதே மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை நேரில் பார்த்துப் படிப்பதற்காக. போலிச் சரக்கைக் கொடுத்து நோயாளியைக் கொன்றுவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்த வகுப்பறை அது. ஆக, இந்த வகைத் தோட்டங்களின் வேர் படிப்பில் இருக்கிறது. மலர்க் கண்காட்சியெல்லாம் பிறகு சேர்ந்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் மண்ணையும் படிப்பையும் சேர்த்து யோசித்த இடம் ஒன்று உண்டு. சின்னாளபட்டிக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம். 1947 அக்டோபரில் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. 1956இல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்விதான் அதன் அடித்தளம். கையால் செய்கிற வேலை வழியாகவே கணக்கும் மொழியும் அறிவியலும் வர வேண்டும் என்பது அந்தக் கொள்கை. பாத்தியை அளந்தால் பரப்பளவு. விதையை எண்ணி, முளைத்ததை அந்த எண்ணால் வகுத்தால் விழுக்காடு. தண்ணீர் பாய்ச்சிய நாளை எழுதினால் கட்டுரை. இப்படி ஒரு தோட்டத்துக்குள் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பாடம் முழுவதையும் அடக்கிவிடலாம் என்று அந்தக் காலத்து ஆசிரியர்கள் நம்பினார்கள்.

என் உறவில் அத்தை ஒருவர் ஆதாரப் பயிற்சி பெற்ற ஆசிரியை. அவர் பள்ளியில் கத்தரிப் பாத்திதான் கணக்குப் பலகை. "கையில மண்ணு படாத பிள்ளைக்கு மழை பேஞ்சா சட்டை நனையிறதுதான் தெரியும்" என்பார். அந்த வரிசையில் வந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வரும். காந்திகிராமத்து மாணவர்கள் கிராமங்களில் போய்த் தங்கிப் படிக்கிற வழக்கம் இன்றும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதே வளாகத்தை ஒட்டி லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகள் தயாரிக்கிறது. ஆடாதொடை, நொச்சி, கற்றாழை, தூதுவளை என்று நாம் தாண்டிப் போகிற செடிகள்தான் மருந்தாகின்றன. பாதுவாவில் தொடங்கியதும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றே. செடியை அறிந்தவன் கையில் அது மருந்து. அறியாதவன் கண்ணுக்கு அது புதர்.

ஆவாரைக்கே திரும்ப வருகிறேன். திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் போகும்போது சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொள்வோம். தோல் ஷாப் வாடை. தோல் பதனிடும் அந்தத் தொழில் எங்கள் பக்கத்தில் வேரூன்ற ஆவாரையும் ஒரு காரணம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம். கரட்டிலும் தரிசிலும் வளர்ந்த ஆவாரையை வெட்டி, பட்டையை உரித்து, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து விற்பது கிராமத்துப் பெண்களுக்குப் பிழைப்பாக இருந்தது. பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்பில் ரோமம் போக்கிய தோலை அந்தச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டி எடுப்பார்கள். அப்படிப் பதனிட்ட தென்னிந்தியத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. வேலியோரத்தில் ஆள் பார்க்காமல் நிற்கிற செடி கடல் கடந்த ஒரு வணிகத்தைத் தாங்கியிருக்கிறது.

பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்து இறங்கியது. ஆவாரையைவிட அதில் துவர்ப்புச் சத்து கூடுதல். இறக்குமதிக்குக் கொடுக்கிற பணத்தை மிச்சம் பிடிக்க நாமே வாட்டில் வளர்க்கலாம் என்று முடிவானது. நீலகிரியிலும் பழனிமலையிலும் மேல்மட்டத்துப் புல்வெளிகளில் வாட்டில் மரங்களை ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். சோலைக்கு நடுவே பஞ்சாக மழைநீரைப் பிடித்து வைத்திருந்த புல்வெளிகள் அவை. இன்று கொடைக்கானல் போகிறவர்கள் கரும்பச்சையாகத் தெரிகிற அந்தத் தோப்புகளைப் பார்த்துக் காடு என்று மகிழ்கிறார்கள். கீழே தோல் தொழில் குரோமிய உப்புக்கு மாறியது. கழிவுநீர் இறங்கி எங்கள் கிணறுகள் உப்பேறின. ஒரு செடியில் தொடங்கிய கதை சமவெளியின் பிழைப்பைத் தொட்டு, மலையின் புல்லைத் தொட்டு, கடைசியில் குடிநீரில் வந்து நிற்கிறது. இந்தக் கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கே வைத்துச் சொல்வது? பூத்து நிற்கும் ஆவாரைக்கு முன்னால் நிறுத்தித்தான்.

சப்பாத்திக்கள்ளியும் அப்படித்தான். பள்ளி விட்டு வரும் வழியில் அதன் பழத்தைக் குச்சியால் தட்டி, மண்ணில் புரட்டி, பூமுள்ளைத் தேய்த்து எடுத்துவிட்டுத் தின்போம். நாக்கும் உதடும் சட்டையும் ரத்தச் சிவப்பு. நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளைப் பார்த்து எடுக்காவிட்டால் தொண்டையில் குத்தும். இது நம் நாட்டுச் செடியே இல்லை, அமெரிக்காக் கண்டத்தது என்று கேட்டபோது நம்ப முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செஞ்சாயம் வேண்டியிருந்தது. கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து அந்தச் சாயம் எடுப்பார்கள். சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ வேறு வகைப் பூச்சி. நல்ல சாயம் தரவில்லை, ஆனால் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அது தொடாத இன்னொரு வகை வயல், புறம்போக்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. அதை ஒழிக்க 1920களில் மற்றொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வேலை செய்தது. இன்றைக்குச் சீமைக்கருவேலோடு நாம் படுகிற பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இப்படிப்பட்ட பாடங்களை உயிரோடு நடத்துகிற இடங்களைத் தேடிப் போயிருக்கிறேன். ஆரோவில் தாவரவியல் பூங்கா 2000இல் தொடங்கப்பட்டது. 50 ஏக்கர். மலைக் குளிர் கிடையாது. கடற்கரையை ஒட்டிய செம்மண், நமக்குத் தெரிந்த அதே வெயில். சோழமண்டலக் கரையில் ஏறக்குறைய அழிந்துவிட்ட வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களை விதை தேடி எடுத்து வளர்த்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வருகிறார்கள். எவ்வளவு குறைந்த தண்ணீரில் தோட்டம் போடலாம் என்பதையே அங்கே பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் வெயிலில், நம் மண்ணில் இது முடியும் என்பதற்கு அந்த 50 ஏக்கரே சாட்சி.

சென்னையில் கோட்டூர்புரம் இன்னொரு மாதிரி. அடையாற்றங்கரையில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அரசுப் புறம்போக்கு. 2006 முதல் 'நிழல்' அமைப்பினரும் அக்கம்பக்கத்துக்காரர்களும் சேர்ந்து அங்கே நாட்டு மரங்களை நட்டு வளர்த்தார்கள். ஆபீஸ் போகிறவர், ஓய்வுபெற்றவர், கல்லூரிப் பெண்கள் என்று யார் யாரோ வந்து மண்வெட்டி பிடித்தார்கள். களை எடுத்தார்கள், மூடாக்குப் போட்டார்கள். இதே அமைப்பினர் தெருத் தெருவாக மரங்களை அறிமுகம் செய்து நடக்கிற மரநடையும் நடத்துகிறார்கள். பார்க்க வந்தவர்களே பராமரிப்பவர்களாக மாறிய இடம் அது. இலங்கையில் பேராதனைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறேன். 1821இல் தொடங்கியது, மகாவலி கங்கை வளைந்து அணைத்துக்கொண்ட 147 ஏக்கர். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலேயே பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓய்வும் படிப்பும் ஒரே புல்தரையில் நடப்பதைப் பார்க்க மனசு நிறைந்துபோனது.

திண்டுக்கல்லில் எங்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லையே என்று உட்கார்ந்திருக்கவில்லை. தெரிந்த ஆசிரியை ஒருவர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு குளத்துக்கரைக்குச் செடி பார்க்கப் போவார். என்னையும் கூப்பிடுவார். முதலில் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்வோம். கசக்கிய இலையை மூக்கருகே காட்டுவோம். நொச்சியைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள், வீட்டில் ஆவி பிடித்த அனுபவம். துத்தியிலையைக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பார்கள். குப்பைமேனியைச் சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள். பிரண்டையைத் தொட்டுவிட்டுக் கை அரிக்கிறது என்று ஓடுவார்கள்.

ஒரு நாள் கரையில் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த வயசான அம்மா ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்பிள்ளை அவரிடம் போய், "பாட்டி, ஆடு எல்லாத்தையும் கடிக்குது, இந்த மஞ்சப் பூச்செடிய மட்டும் ஏன் கடிக்கல?" என்று கேட்டது.

"ஆவாரைய ஆடு தொடாது தாயி. மோந்து பாத்துட்டுப் போயிரும். அதுனாலதான் இந்தக் கரையில வேற ஒண்ணும் நிக்கலேன்னாலும் ஆவாரை நிக்குது. மத்ததையெல்லாம் எங்க ஆடே தின்னு தீத்துருச்சு."

"அப்ப ஆட்டுக்கு எது பிடிக்கும்?"

"வெள்வேலங்கா நெத்துன்னா உசுர விடும். சித்திர, வைகாசியில மரத்தடியில நெத்து கொட்டிக் கெடக்கும். ராத்திரி பட்டியில அசை போடயில கொட்டைய மட்டும் துப்பிப்புடும். அந்தக் கொட்ட சீக்கிரம் மொளைக்கும்."

ஆசிரியை என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம், "நீங்க சொல்றது எங்க பாடப் புத்தகத்துல இல்லீங்கம்மா. இன்னொருக்காச் சொல்லுங்க, பிள்ளைங்க எழுதிக்கட்டும்" என்றார். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லில் உட்கார்ந்து, நிதானமாகத் திரும்பச் சொன்னார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து எழுதினார்கள்.

மேய்ச்சல் அதிகமான நிலத்தில் எந்தச் செடி மிஞ்சும் என்பது பல்கலைக்கழகத்தில் நடத்தப்படுகிற பாடம். ஆட்டின் வயிற்றிலும் வாயிலும் பதமாகி வந்த விதைக்கு முளைப்புத் திறன் கூடும் என்பதும் அப்படியே. நாற்றங்காலுக்குக் கருவேல விதை தேடும் வனத்துறையினர் ஆட்டுப்பட்டியைக் கூட்டி விதை எடுப்பது பழைய வழக்கம். அந்த அம்மாவின் பேச்சில் இரண்டு பாடமும் இருந்தன. அடுத்த முறை பிள்ளைகள் பட்டியிலிருந்து வெள்வேல விதை கொண்டுவந்தார்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுஉரம் ஒரு பங்கு கலந்து கறுப்புப் பைகளில் நிரப்பினோம். உசிலை விதையைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, ஓர் இரவு ஊற விட்டு, ஊதிப் பெருத்ததை மட்டும் விதைத்தோம். முளை விட்ட பைகளில் தங்கள் பெயரை எழுதிக் குச்சி நட்டு வைத்தார்கள். அந்தப் பைகளுக்குப் பக்கத்தில் யாரும் குப்பை போடவில்லை.

அதே மாதிரி ஊர்க் கூட்டுறவில் பிழைத்து வர வேண்டியவை எங்கள் மாவட்டத்தில் நிறைய உண்டு. சிறுமலை வாழையையே எடுத்துக்கொள்ளுங்கள். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் 1970களில் மலைத்தோட்டங்களைச் சூறையாடியது. திசு வளர்ப்பில் எடுத்த நோயற்ற கன்றுகளால்தான் அது மெல்ல மீண்டது. 2008இல் சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அய்யலூர்ப் பக்கத்து முள்காட்டில் இரவில் மெல்ல நடமாடும் தேவாங்குக்காக 2022 அக்டோபரில் கடவூரை மையமாக வைத்து, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம். ஒன்றுக்கும் உதவாத முள்ளு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த காடுதான் அதன் வீடு. அந்தக் காட்டின் மரங்களைப் பிள்ளைகள் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்க ஓர் இடம் கீழே ஊருக்குள் வேண்டாமா?

எனக்குத் தெரிகிற தோட்டம் இப்படி இருக்கும். ஐந்து ஏக்கர் போதும். குளத்துப் புறம்போக்கோ, பள்ளிக்குப் பின்னால் கிடக்கிற தரிசோ எதுவானாலும் சரி. சுற்றிலும் கம்பி வேலி வேண்டாம், கிளுவைப் போத்து நட்டாலே வேலி. உள்ளே உசிலை, வெள்வேல், விடத்தலை, காரை, மஞ்சனத்தி, வாகை, ஆத்தி. ஒரு மூலையில் மூலிகைப் பாத்தி. ஒரு மூலையில் பூ கட்டுகிற பெண்களுக்குத் தெரிந்த நிலக்கோட்டை மல்லியும் கனகாம்பரமும். வெளிநாட்டிலிருந்து வந்து பரவியவற்றுக்கும் ஒரு பாத்தி, அவை வந்த கதையோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பலகை. அதில் செடியின் பெயர், விதை எடுத்த ஊர், வருஷம், பயன் எல்லாம் இருக்கும். அவற்றோடு அந்தப் பயனைச் சொன்னவர் பெயரும் இருக்கும். ஆடு மேய்ப்பவர், நாட்டு மருத்துவர், தோல் ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர், அரப்பு இடித்த பாட்டி எல்லோரும் அந்தப் பலகைகளில் ஆசிரியர்களாக இருப்பார்கள். அவர்கள் வந்து பாடம் சொல்கிற நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். பாடம் சொல்வது வேலை, அதற்கு மரியாதை அப்படித்தான் செய்ய முடியும்.

போகிக்கு முந்தின நாள் அங்கே காப்புக் கட்டு வகுப்பு நடக்கட்டும். ஆடியில் விதை பரிமாற்றம். ஐப்பசி மழைக்கு முன்னால் நடவு. கோடை விடுமுறையில் ஹெர்பேரியம் முகாம். கல்லூரி மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செடி அழுத்தச் சொல்லிக் கொடுக்கட்டும். பிள்ளைகள் செய்த அட்டைகளை அந்த வட்டாரத்து நூலகத்தில் வைக்கலாம். இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. பஞ்சாயத்து ஓர் இடத்தைக் கொடுக்க வேண்டும், கல்லூரி ஒன்று பதிவேட்டைப் பொறுப்பேற்க வேண்டும், பள்ளிகள் வாரத்தில் ஒரு பீரியட்டை விட்டுத்தர வேண்டும்.

செடி தெரிந்த தலைமுறை ஒன்று இன்னும் நம்மோடு இருக்கிறது. எழுபதும் எண்பதும் ஆனவர்கள். அவர்கள் போய்விட்ட பிறகு எத்தனை ஏக்கரில் தோட்டம் போட்டாலும் பலகையில் எழுத நமக்கு லத்தீன் பெயர் மட்டும்தான் மிஞ்சும். அதனால் இதைப் படிக்கிற ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இடம் கிடைக்கும், கிடைக்காது, அது பிறகு. உங்கள் பள்ளிக்கு ஒரு மைல் சுற்றளவில் செடி தெரிந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அடுத்த வாரமே பிள்ளைகளை நோட்டோடு அவர் முன்னால் உட்கார வையுங்கள். தோட்டம் வேலி கட்டி எழும்புகிற வரைக்கும் அந்த வகுப்பு காத்திருக்க வேண்டியதில்லை.